செம்பருத்தியை விட்டுவைத்துப் பலகையை மட்டும் நகர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
பூங்காவுக்கு எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி.

பெறுநர்:
பூங்காப் பிரிவு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: இதய நல மூலிகைப் பாத்தியை அகற்றும் உத்தரவை நிறுத்தி, அறிவிப்புப் பலகையை மட்டும் இடம் மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்களிடம் புகார் கொடுத்தவள் நானேதான். இவ்வளவு வேகமாக நடவடிக்கை வரும் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. பாத்தியைச் சுற்றியுள்ள வேலியின் கதவில் பூட்டுத் தொங்குகிறது. திங்களன்று செடிகள் வேரோடு அகற்றப்படும் என்று தாளும் ஒட்டியிருக்கிறது. நான் கேட்டது இதுவல்ல ஐயா.

2. பூண்டு, மருதங்கன்று, செம்பருத்தி எல்லாம் உள்ள அந்தப் பாத்தியின் பலகையில் கடைசி வரி, "மூலிகைத் தேநீர் குடிப்பவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்பதாகும். செம்பருத்தி தழைத்து, 'டாம்' என்ற இரண்டு எழுத்தை மறைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தியவர். அரைகுறைச் சொல்லைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார். மனசுக்குள் 'டும்' போட்டு நிரப்பிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். பெரிய மேதாவி!

3. பதினோராம் நாள் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. டாக்டரம்மா மாத்திரையை மறுபடி தொடங்கிவைத்து, செம்பருத்தித் தேநீர் ஆசைக்கு ஒரு கோப்பை குடிக்கலாம், மாத்திரையின் வேலையை அது செய்யாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இப்போது, காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்கு அவர் நன்றாக இருக்கிறார்.

4. அந்த ஆத்திரத்தில் எழுதிய புகாரில், "முதலில் இதை எடுங்கள்" என்று எழுதிவிட்டேன். நான் 'இதை' என்றது பலகையை. தங்கள் அலுவலகம் பாத்தி என்று எடுத்துக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பைத் தனி மனுவாகத்தான் எழுத வேண்டும்.

5. ஆகவே செடிகளை விட்டுவைத்து, பலகையை மட்டும் இரண்டடி தள்ளி நடும்படி கேட்டுக்கொள்கிறேன். தினமும் அரைமணி நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. கல்யாணமான நாள் முதல் எனக்கு நாலடி முன்னால் போகும் மனிதர், வேலிக்குள் அந்தப் பாத்தியைச் சுற்றும்போது மட்டும் ஒவ்வொரு செடியாகக் காட்டிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். பூட்டு விழுந்த ஐந்து நாளாகத் தெருவில் மறுபடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். திங்களுக்குள் கதவைத் திறந்துவிடுங்கள் ஐயா.

எங்கள் இருவர் சார்பிலும் பணிவுடன்,
(ஒப்பம்)
தையற்கடைக்காரி

இடம்: பூங்காவுக்கு எதிர்க் கட்டடம்
நாள்: 12ஆம் தேதி, வியாழன்