தாசில்தாரின் கடைவாய்ப் பல்

மாமா,

இன்று காலை இஸ்திரிக்காரர் என் கறுப்புப் பேண்ட்டை உதறிப் பார்த்துவிட்டு, "என்னா சார், பூனை வளக்கறீங்களா? துணி பூரா முடி" என்று கேட்டார். வெயிலில் அந்த வெள்ளை முடிகள் மிதந்து போனதைப் பார்த்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்கு முன் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கருமாதியன்று உங்கள் முயலை நான் மகானாக்கிவிட்டேன்.

ஐம்பத்து மூன்று வயதாகியும் கூட்டத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருப்பதில்லை. பந்தலில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. "மாமா போன நாள்லேர்ந்து தாசில்தார் ஒழுங்கா சாப்புடல. தட்டுகிட்ட வருது, மோந்து பாக்குது, திரும்பிக்குது. வாயில்லா ஜீவன் விரதம் இருக்குது" என்றேன். அவ்வளவுதான். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பந்திக்கு உட்கார வேண்டியவர்கள் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். யாரோ அதன் நெற்றியில் விபூதி வைத்தார்கள். அந்தக் கண்ணீரையெல்லாம் என் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலாக வாங்கிக்கொண்டு நான் இன்னொரு வடை சாப்பிட்டேன்.

அந்தப் பெயரை நீங்கள் வைத்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். பிளஸ் டூ படித்த உங்கள் மகள் பாப்பாவுக்காக ஒரு முயல்குட்டியை வாங்கிவந்தீர்கள். அது சாப்பிட்டது, தூங்கியது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. "சரியான தாசில்தாரு" என்றீர்கள். முப்பது வருஷம் சர்வேயராக வயல் வரப்பில் நடந்த மனிதர் நீங்கள். ஓய்வு பெற்ற பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சொல்வீர்கள்: "மேலதிகாரியோட காதைத் தடவிக் குடுக்கற பாக்கியம் எந்த சர்வேயருக்குக் கெடைக்கும், மச்சான்?"

கருமாதி முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். பாப்பா கோயம்புத்தூருக்கு வேலைக்குத் திரும்பிப் போனாள். உங்கள் மஞ்சக்குப்பத்து வீட்டில் என் அக்காவும் முயலும் மட்டும். பழுத்த வாழைப்பழத்தைக் குழைத்துக் காட்டினால் முயல் இரண்டு நக்கு நக்கும், நிறுத்திவிடும். மூன்றாம் நாள் நான் போனபோது அக்காவின் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"சாப்புடலயா?"

"அதுவே சாப்புடல. ஒம்போது வருஷம் பழகுனதுக்கே அவ்ளோ துக்கம். நான் மட்டும் உக்காந்து துன்னா ஊரு என்னா சொல்லும்?"

நான் கட்டிவிட்ட கதை, மாமா. அது என் அக்காவின் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டு நின்றது. முயல் துக்கத்தில் செத்தால் அடுத்தது தன் முறை என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அது பிழைத்தாக வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கடலூரில் மாட்டு ஆஸ்பத்திரிக்கு முதலில் போனேன். எனக்கு முன்னால் ஒரு கறவை மாடு, பின்னால் நான்கு ஆடுகள், நடுவில் முயலைப் போட்ட கட்டப்பையோடு நான். டாக்டர் நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். "மாடுன்னா கையை உள்ள வுட்டே என்னான்னு சொல்லிடுவேன் சார். இதுக்கு எங்க கை வைக்கிறதுன்னே தெரியல. படிக்கும்போது ஒரு பாடத்துல வந்துது." மருந்துக் கடைக்காரர் ஒரு படி மேலே போய், நாய்க்குக் கொடுக்கும் சிரப் ஒன்றை நீட்டினார். "நாலு காலு, ஒரு வாலு. எல்லாம் ஒண்ணுதான்." வாங்கி வைத்தேன். கொடுக்க மட்டும் கை வரவில்லை.

கடைசியில் சேத்தியாத்தோப்பில் கறி முயல் பண்ணை வைத்திருக்கும் என் பங்காளிக்கு போன் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "ஒம்போது வயசு முயலா? எங்க பண்ணையில ஒம்போது மாசம் தாண்டுனதே கெடையாது அண்ணே. அதுக்கு வைத்தியம் வேறயா?" சிரித்து முடித்தபின் அவன்தான் சொன்னான்: சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், முயல், கிளியெல்லாம் பார்ப்பார், முதலில் பல்லைத்தான் பார்ப்பார் என்று.

அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். முப்பதாம் நாள் கும்பிடாமல் வெளியூர் போகக்கூடாது என்று பெரியம்மா போனிலேயே மறித்தாள். அக்கா செருப்பை மாட்டினாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு அம்மா. கட்டப்பையிலிருந்து முயல் காதை நீட்டியதும் கேட்டார்.

"கறிக்கா தம்பி?"

"இல்லம்மா, ஆஸ்பத்திரிக்கு."

"மொசலுக்கா ஆஸ்பத்திரி? யா அல்லாஹ்!" என்றவர், அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். பஸ் மாற முட்லூரில் இறங்கும்போது அக்காவின் கையைத் தொட்டு, "சொகமாயிடும்மா" என்றார். முயலுக்குச் சொன்னாரா, அக்காவுக்குச் சொன்னாரா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முயலைத் துண்டில் சுற்றி, காது பார்க்கும் விளக்குக் குழாயை அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். நான் என் விரதக் கதையை ஆரம்பித்தேன். "சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். நான் கொண்டுபோயிருந்த சிரப்பைப் பார்த்து, "நல்ல வேளை, குடுக்கல. குடுத்திருந்தா இங்க வந்திருக்கவே மாட்டீங்க" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைவாய்ப் பல் ஒன்று முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது.

"துக்கமும் இல்ல, விரதமும் இல்லம்மா. பசிக்குது, அதான் தட்டுகிட்ட வருது. வலிக்குது, அதான் திரும்பிக்குது."

டாக்டரம்மா மறுபடி கேட்டார். "இது பத்து இருவது நாள்ல வளந்ததில்ல. பல மாசம் ஆயிருக்கும். இதுவரைக்கும் எப்படிச் சாப்பிட்டுது?"

அக்கா சொன்னாள். "அவரு காலையில பின்பக்கம் உக்காந்து குட்டி உரல்ல எதையோ நசுக்கிட்டு இருப்பாரு. கேட்டா, மருந்துன்னுவாரு. வயித்து வலிக்குத் தனக்குத்தான் நாட்டு மருந்து இடிக்கிறாருன்னு நெனச்சேன். மருந்து எடுத்துக்கறாரேன்னு நிம்மதியா இருந்தேன்மா."

மாமா, உங்களிடம் சண்டை போட எனக்கு இந்த ஒரு இடம் இருக்கிறது. உங்களுக்கு வயிற்றில் வலித்தது. அதை வெறும் கேஸ் ட்ரபிள் என்றீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முயலுக்கு வாயில் வலித்தது. அதை யாரிடமும் சொல்லாமல் புல்லையும் கீரையையும் மசித்து ஊட்டினீர்கள். "முயலு புல்லைக் கடிச்சு அரைச்சாத்தான் பல்லு தேயும். மசிச்சுக் குடுக்கக் குடுக்க இன்னும் வளந்திருக்கு. பாசந்தான், ஆனா ஒரு தடவ கொண்டாந்து காட்டியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வாரத்துக்கு மூன்று நாள் உங்களோடு டீ குடித்த நான், உலகத்து வம்பையெல்லாம் உங்களுக்குச் சொன்ன நான், உங்கள் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை விழுந்ததைக் கண்டு "தொப்பை எங்க மாமா, அடகு வச்சிட்டீங்களா?" என்று சிரித்ததோடு விட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் அந்த முள்ளைத் தேய்த்து எடுக்க வேண்டும். வயதான முயல், எழுந்திருக்காமலும் போகலாம். முடிவு உங்களுடையது என்றார். நான் வாய் திறந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அக்காதான் சொன்னாள். "காட்டாம வுட்டு ஒருத்தரை அனுப்பிட்டேன். நீ செய்ம்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கைவிரல்களால் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கதவு திறந்தபோது டாக்டரம்மாவின் கையில் துண்டு அசைந்தது. தாசில்தார் குடிகாரன்போலத் தலையை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார், வழக்கம்போல மரியாதை இல்லாமல். ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் ஏற்றி வாயோரமாகக் கொடுத்தார்கள். விழுங்கியது. இரண்டாவது சிரிஞ்சையும் விழுங்கியது. அக்கா எழுந்து நின்று, "எதிர்ல ஓட்டல் இருக்குதாடா?" என்று கேட்டாள். நான்கு இட்லி சாப்பிட்டாள் மாமா. நான் எண்ணவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இப்போது அவர் புல் தின்கிறார், அக்கா சோறு தின்கிறாள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை சிதம்பரம் போகிறோம். பை என் மடியில்தான். பை வழியாக அந்தச் சின்ன இதயம் என் தொடையில் அடித்துக்கொள்வதை சிதம்பரம் வரைக்கும் உணர்ந்துகொண்டு போகிறேன். எனக்கும் மார்பில் கொஞ்ச நாளாக ஒரு பிடிப்பு இருந்தது. போய்க் காட்டினேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். யாராவது கொல்லையில் தனியாக உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருந்தால், அநாகரிகம் என்று தெரிந்தும், பின்னால் போய் எட்டிப் பார்க்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது இந்தப் பழக்கம்தான்.

இன்னும் ஒன்று. ஒன்பது வயதில் மயக்க ஊசியைத் தாங்கிய முயல் தமிழ்நாட்டிலேயே நம் வீட்டில்தான் என்று போன ஞாயிறு பாப்பாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இது அந்த தாசில்தார் இல்ல. அதுக்கு எடது காதுக்குள்ள ஒரு மச்சம் இருக்கும். நான் காலேஜ் மூணாவது வருஷம் லீவுல வந்தப்பவே பாத்தேன், இதுக்கு இல்ல. அது செத்துப்போயிருக்கும், அப்பா யாருக்கும் சொல்லாம வேற வாங்கி வெச்சிருக்காரு. நான் கேக்கல. இதுக்கு ஆறு வயசுதான் இருக்கும்."