நான் பொறுக்கி எறிந்த சத்து

என் கோமதிக்கு,

நீ இருக்கிற இடத்தில் ரேஷன் கடை இருக்காது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். இருந்தால் விஷயம் என்னை முந்திக்கொண்டு உன்னிடம் வந்திருக்கும்.

நம் மீனா மாசமாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை என்பதால் ஆரம்பத்திலிருந்தே நம் கரமனை வீட்டில்தான். ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சாலை பஜாரில் முப்பது வருஷம் அரிசிக் கடையில் நின்றவனுக்கு வேறு என்ன தெரியும்?

ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டினால் நடுநடுவே வேறு மாதிரி வெள்ளையாகச் சில மணிகள். தண்ணீரில் போட்டால் மிதந்தன. பிளாஸ்டிக்கேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தினமும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மதில்மேல் காக்கைகளுக்குப் போட்டேன். பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அங்கன்வாடி டீச்சர் வந்து முறத்தைப் பார்த்துவிட்டு மீனாவிடம் ஏதோ சொன்னாள். மீனா என்னிடம் திரும்பினாள்.

“அப்பா, அது பிளாஸ்டிக் இல்ல. இரும்புச்சத்து சேர்த்த அரிசியாக்கும். எனக்குள்ளத எல்லாம் காக்காய்க்குப் போட்டாச்சு, இல்லியா?”

“காக்கா நல்லா இருக்கு மோளே,” என்றேன். அன்று முழுவதும் அவள் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த வாரம், பட்டினியும் சத்துக்குறைவும் ஒழிய நாட்டுக்கே கொள்கை எழுதுகிற குழு டெல்லியிலிருந்து வந்து ஜனங்களிடம் கருத்துக் கேட்டது. மீனா என்னை இழுத்துப் போனாள். பத்தாம் கிளாஸில் இரண்டு தடவை உட்கார்ந்தவன் டெல்லிக்கு என்ன புத்தி சொல்வது?

“புத்தி சொல்லாண்டாம். செஞ்சத சொன்னா போதும்,” என்றாள்.

ஹாலுக்குள் போனால், சாலை பஜார் அரிசிக் கடைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னாலா? ஆனாலும், நான் சொல்லிக்கொடுத்த வீடுகளில் எத்தனை பெண்கள் மாசமாக இருக்கிறார்களோ என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

“மேடம், நீங்க அரிசில சத்து வச்சீங்க. பொறுக்குற ஆளுகிட்ட யாரும் சொல்லல.”

மீனா இங்கிலீஷில் சொன்னாள். யார் பொறுக்கியது என்று குழுவின் தலைவி அம்மா கேட்டார்.

“நாந்தான். அரிசி தெரிஞ்ச ஆளு.”

ஹாலே சிரித்தது. பின்வரிசையில் ஒரு சேச்சி எழுந்து, “ஞானும் களஞ்ஞு, சேட்டா,” தானும் எறிந்ததாகச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைக்காரர் ஒருவருடையதும்தான். அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

அந்தக் கொள்கையின் திருத்திய வரைவு இப்போது வந்திருக்கிறது. புதிதாக எந்த உணவு கொடுத்தாலும் முதலில் வீட்டாருக்கு அவரவர் மொழியில் காட்டி விளக்க வேண்டும் என்று ஒரு வரி. வெளியூர்த் தொழிலாளிகளுக்கும் அப்படியே. இன்னும் எத்தனை மேசை தாண்ட வேண்டுமோ. மீனாவுக்கு ரத்தம் ஏறி வருகிறது. டாக்டர் இப்போது என்னிடம் சிரித்துப் பேசுகிறார்.

மேசைகள் தாண்டட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை, கோமதி. பக்கத்து வீடுகளுக்குக் கூட்டம் முடிந்த அன்றே போய்ச் சொல்லிவிட்டேன். இனி அரிசி போடுகிற நாளெல்லாம் ரேஷன் கடை வாசலில் நின்று, அந்த மணிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், வீட்டில் அரிசி களையும்போது என் முகம் ஞாபகம் வந்தால் போதும்.

உன் வீட்டுக்காரன்,
மீனாவின் அப்பா,
சீக்கிரமே ஒரு பிள்ளைக்குத் தாத்தா