கூடாது என்ற சொல்

ஊர்காவற்றுறை
06.05.2024

அன்பின் அண்ணைக்கு,

நானும் அம்மாவும் சுகம். ஒசாகாவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ என்று அம்மா கேட்கிறா.

அங்குள்ள ஒரு முதியோர் இல்லத்தில் தாதிமார் குறிப்பெழுத உங்கள் கம்பனி செய்யும் மென்பொருளைச் சோதித்தேன். பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ஜப்பானியத்தில் ஒலியை அடித்து, எழுத்தைத் தெரிவுசெய்து, என்டர் தட்டும்வரை அந்தச் சொல் அடிக்கோட்டுடன் நிற்கும் அல்லவா? நீங்கள் வெளியில் வாங்கி மென்பொருளின் திரைக்குள் பொருத்திய எழுதும் பெட்டியில், என்டர் தட்டுமுன் ‘சேமி’ பொத்தானை அழுத்தினால் அந்தச் சொல் மறைந்துவிடுகிறது. எச்சரிக்கையும் வருவதில்லை. தமிழைப்போல அங்கேயும் ‘இல்லை’, ‘கூடாது’ எல்லாம் கடைசியில்தான் வரும். மறைந்துபோவதும் அந்தக் கடைசிச் சொல்தான்.

திருத்தி இந்த மின்னஞ்சலுடன் அனுப்புகிறேன். இதைப் போடாமல் கொடுக்க வேண்டாம்.

அன்புத் தங்கை
தனுசியா

ஒசாகா
08.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அடுத்த கிழமை கையளிக்க வேண்டும். உன் திருத்தத்தைப் போட்டால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கக் கேட்பார்கள். ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடும். தாதிமார் என்டர் தட்டப் பழகிவிடுவார்கள். பிறகு பார்ப்போம். அம்மாவின் மூட்டுவலி எப்படி?

அண்ணன்
யசிந்தன்

ஒசாகா
19.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு சங்கடம். அந்த இல்லத்தில் கடலுணவு ஒத்துக்கொள்ளாத ஒரு ஐயாவின் சாப்பாட்டுக் குறிப்பில் ‘றால் கூடாது’ என்று தாதி அடித்திருக்கிறா. ‘றால்’ மட்டும் பதிவாகியிருக்கிறது. அவருக்கு அதுதான் விருப்பம் என்று நினைத்துச் சமையல்காரர் றால் சூப் கொடுத்துவிட்டார். மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ஊரில் சோதித்த பிள்ளை கவனிக்கவில்லை என்று இல்லத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி அனுப்பு.

யசிந்தன்

ஊர்காவற்றுறை
20.06.2024

அண்ணை,

உங்கள் மின்னஞ்சல் வந்தபோது அம்மா வைத்த றால் குழம்பு என் சோற்றுக் கோப்பையில் இருந்தது. தள்ளிவிட்டு எழும்பினேன்.

எழுதினேன். உங்களுக்கல்ல, இல்லத்தின் தலைவிக்கு. பிழை எது, அதை எப்போது உங்களுக்குச் சொன்னேன், திருத்தம் யாருடைய கையில் கிடந்தது என்று எழுதினேன். அந்த மென்பொருளைப் பாவிப்பதை இன்றே நிறுத்திவிட்டார்கள்.

தூரத்தில் இருப்பவள் மேல் எதையும் போடலாம் என்று நினைத்தீர்களோ? அந்த ஐயாவின் மூச்சைவிட உங்கள் ஒப்பந்தம் பெரிதோ?

“அவன் உன்ர அண்ணனல்லோ பிள்ளை, விடன்” என்றா அம்மா.

“ஓம் அம்மா, அண்ணன்தான். அந்த ஐயாவுக்கும் பிள்ளையள் இருக்கினம்” என்றேன்.

அவரின் கட்டிலடிக்குப் போய், பிழை இருப்பது தெரிந்துதான் கொடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

தனுசியா

ஒசாகா
02.07.2024

தங்கச்சி,

போனேன். ஐயாவுக்கு இப்போது பரவாயில்லை. அவரின் மகள் அறை வாசலில் மறித்தா. தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொன்னேன். கத்துவா என்று நினைத்தேன். “அதை அப்பாவிடம் சொல்லுங்கள்” என்று கதவைத் திறந்துவிட்டா. எனக்கு உள்ளே போக ஏலவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சொல்லாதே.

யசிந்தன்

ஊர்காவற்றுறை
02.07.2024

அண்ணை,

உள்ளே போங்கள்.

தனுசியா