நான் வராத நாள்

ஜூலை 9, புதன்

மகள் மலர் இந்தோனேசியாவிலிருந்து திரும்பி ஒரு வாரமாகிறது. இளம் தொழில்முனைவோருக்கான பரிமாற்றத் திட்டத்தில் போய், அங்கே ஒரு சோப்பு கம்பெனியில் சில மாதம் இருந்தாள். போனது நல்லதுதான். அந்தமானில், இந்த ஹேடோ துறைமுகத்துப் பக்கம் நாங்கள் செய்யும் தேங்காயெண்ணெய் சோப்புக்கு அங்கிருந்தே ஆர்டர் கொண்டுவந்திருக்கிறாள்.

இன்று பட்டறையில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தாள். அங்கே கற்ற பயிற்சியாம். ஒவ்வொருவராகக் காட்டி, "இவங்க நாளைக்கு வரலேன்னா எந்த வேலை நிக்கும்?" என்று கேட்டாள். சோப்பு காய்ச்சும் ராஜு வராவிட்டால் எல்லாமே நிற்கும் என்றார்கள்.

அடுத்தது நான். ஒட்டிய பெட்டிகளைப் பிரித்துச் சரிபார்த்து மறுபடி ஒட்டுவது என் வேலை. சந்தேகம் வந்தால் இன்னொரு முறையும் பிரிப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பேக்கிங் செய்யும் வங்காளிப் பெண் ஷிகா இந்தியில் ஏதோ முணுமுணுத்தாள். மலர் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கேட்டீங்களாப்பா? அங்கிள் வரலேன்னாதான் மெயின்லேண்ட் ஷிப் மிஸ் ஆகாதாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன மாதம் என்னால் சரக்கு கப்பலைத் தவறவிட்டது உண்மை. ஷிகா சொன்னதில் பிழையில்லை.

சாப்பிடும்போது மலர், "மனசுல வச்சுக்காதீங்கப்பா. நாளைக்கு சரக்கு கப்பலேறுது, நீங்க வீட்டுலயே இருங்க, எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்" என்றாள். சரிம்மா என்றேன். மீன்குழம்பு நன்றாயிருக்கிறது என்றும் சொன்னேன்.

நாளை துறைமுகத்தில் ஒரு பெட்டியாவது பிரிந்து கொட்டட்டும் என்று நினைக்கிறேன். பெற்ற பெண்ணின் சரக்கு. இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். கை வரவில்லை.