நான் எடுத்த வெற்றிலை

திண்டுக்கல்
14-11-1962, புதன்கிழமை

அன்புள்ள பாணிக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. நான் உடனுக்குடன் பதில் எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இன்று எழுதாவிட்டால் நீ வெள்ளிக்கிழமை எழும்பூரில் ரயில் ஏறிவிடுவாய். ஆகவே கடைசி இரண்டு வகுப்புகளையும் வேறொருவரிடம் விட்டுவிட்டு, பெரிய தபாலாபீஸ் மூடுவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

வராதே. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

"அம்மா எடுத்த வெற்றிலைக்கு நான் கட்டுப்பட்டவன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெயர் கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். பெருமையாக இருந்ததா என்று கேட்காதே. பயமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, முக்கால்வாசி என் மேல்தான். நடந்ததை நீ பொன்னுத்துரை அனுப்பிய நோட்டீசிலிருந்து தெரிந்துகொண்டாய். அதில் பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

நாலாம் தேதி கோட்டைக்குளத்துக்குப் பக்கத்து மைதானத்தில் யுத்த ஆதரவுக் கூட்டம். புகையிலைக் கமிஷன் மண்டி பொன்னுத்துரைதான் கமிட்டிக்குத் தலைவர். என்னைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார். படித்த பெண், தலைமையாசிரியை, கட்சி எதிலும் இல்லாதவள் என்பதால் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன். போனேன். சீனா செய்தது அநியாயம் என்று நினைக்கிறேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எல்லையைக் காக்கிற யுத்தத்தை நாம் ஆதரிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறவில்லை.

தீர்மானம் நிறைவேறியதும் பொன்னுத்துரை ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவரச் சொன்னார். நத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம் அது. அவர்களுக்குப் புரிகிற மாதிரி செய்ய வேண்டும் என்பது அவர் யோசனை. ஊர்ப் பொதுவில் ஒரு காரியத்துக்கு ஆள் கேட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினால், எடுத்தவன் அந்தக் காரியத்தைச் செய்தே தீரவேண்டும். அந்தப் பக்கத்தில் பத்திரத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். "பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கிறவுக எடுக்கலாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, மரியாதைக்காகத் தட்டை முதலில் தலைவியான என் முன்னால் நீட்டினார்கள்.

நான் அதைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் யுத்தம் வேண்டும் என்று பேசிய வாயோடு, அந்தத் தட்டை எனக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை. எடுத்துக்கொண்டேன். எனக்காக எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது என்றாலும் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடவோ, கடிதம் எழுதிக் கொடுக்கவோ, கணக்குப் பார்க்கவோ என்னால் முடியும். சொன்னவள் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

பிசகு அங்கேதான் நடந்தது. பொம்பளை தனக்கென்று வெற்றிலை எடுப்பது அந்த ஊர்களில் கிடையாது. அவள் எடுத்தால் அது வீட்டுக்காக. வீட்டில் ஒரே ஆண்பிள்ளை என்றால் அது அவனுக்காக. ஒருவரை ஒருவர் கேட்காமலே கூட்டம் முழுவதும் அப்படிப் புரிந்துகொண்டது. கைதட்டல் அடங்கவில்லை. ஒரு கிழவி மேடை ஏறி வந்து எனக்குத் திருஷ்டி கழித்தாள். நான் மைக்கைப் பிடித்து, இது என் பெயருக்கு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷம் வகுப்பில் பேசியவளுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதை நீ கட்டிச் சுமக்க வேண்டாம்.

மறுநாளே, பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அடுத்த கூட்டம் என்று நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அதில் உன் பெயர், கிண்டி இஞ்சினியரிங் காலேஜ், கடைசி வருஷம், எல்லாம் இருந்தது. எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். பொன்னுத்துரை நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "டீச்சரம்மா, உங்க பையன் பேரு ஒண்ணு இருந்தா நாலு ஊர்ல நாப்பது பேரு வருவான். காலேஜ் பையனே போறான், நமக்கென்னலேன்னு வருவான். இம்புட்டுத் தூரம் வந்துட்டுப் பின்னால போனா ஊரு என்ன பேசும்?" என்றார்.

உங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்கள் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"அவனுக போயிட்டா மண்டிய யாரு பாக்குறது? யுத்தத்துக்குப் பணம் வேணும்ல? அதுவும் தேச சேவைதாம்மா" என்று சிரித்தார்.

கேட்டால் நீ ஆச்சரியப்படுவாய், அந்தப் பதிலில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. யுத்தத்தை ஆதரிக்கிறவன் எல்லாம் துப்பாக்கி தூக்க வேண்டும் என்றால், தூக்க முடியாத கிழவனும் நோயாளியும் பெண்களும் நாட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றாகிவிடும். அப்புறம் யுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்கிறவர்கள் பட்டாளத்தார் மட்டும்தான். அது எந்த மாதிரி நாடு என்று சரித்திரம் படித்தவளுக்குத் தெரியும். ஆகவே ஆதரித்தாயே, போ என்று யாரையும் பிடித்துத் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் மற்றவன் பிள்ளையைப் போகச் சொல்கிறவன், அந்தக் கேள்வி தன் வீட்டு வாசலுக்கு வந்தால் கலர் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கக் கூடாது. இதை அவரிடமே சொன்னேன். அவர் பாட்டிலை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேராகத் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அங்கிருந்த ஹவில்தார், "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்கம்மா?" என்று பின்னால் எட்டிப் பார்த்தார். யாரையும் கூட்டி வரவில்லை, நான்தான் என்றேன். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏலே, நம்ம டீச்சரம்மா சுட்டா சீனாக்காரன் இம்போசிஷன் எழுதிக்கிட்டே ஓடுவான்டா" என்று ஒருவன் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஹவில்தார் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காகிதம் கொடுத்து, ராணுவ ஆஸ்பத்திரி வேலைக்கு எங்கே மனுப்போட வேண்டும் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனாலும் என் வெற்றிலைக்கு நான்தான் பதில் சொல்கிறேன்.

அப்பா இதில் என் பக்கம் இல்லை. மூன்று நாள் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு யுத்தச் செய்தி கேட்டார். நான்காம் நாள், "வெத்தலைய எடுத்தது நீ. சுண்ணாம்பு தடவுறது அவனா?" என்று கேட்டார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். "எடுத்தது உன் தப்புதான். ஆனா ஊருக்கு முன்னாடி ஒரு சொல்லு விழுந்துபோச்சு. நாளைக்கு அவனே வாரேன்னு சொன்னா தடுக்க நீ யாரு?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாணி. நியாயம் பேசுகிறேனா, நியாயத்தின் பெயரில் என் பிள்ளையைப் பத்திரப்படுத்துகிறேனா என்று நானே சந்தேகப்படுகிறேன். இரண்டும் இருக்கலாம். தாயின் பயம் கலந்திருக்கிறது என்பதால் நியாயம் பொய்யாகிவிடாது என்று மட்டும் இப்போதைக்குத் தெரிகிறது.

பள்ளி நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. உன் பெயரை எடுக்கச் சொன்னதால் தேச நலனுக்கு விரோதமாக நடந்தேனாம். "தீர்மானத்தை முன்மொழிந்தவள் நான், என் மகன் அல்ல" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார்களாம். கேட்கமாட்டேன்.

மூக்காயியைப் பற்றி எழுதாமல் இருந்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பள்ளி வாசலில் பூ விற்பவள், தாடிக்கொம்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் மகன் ஒச்சப்பன் மூன்று வருஷமாகப் பட்டாளத்தில் இருக்கிறான். இப்போது அங்கே மலையில் இருக்கிறான். அவன் கடிதத்தை எப்போதும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கடைசியாக வந்தது அக்டோபர் தொடக்கத்தில் எழுதியது. குளிரில் விரல் மடங்கவில்லை, கம்பளிக் காலுறை இன்னும் வரவில்லை என்று இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

கூட்டத்தன்று அவளும் வந்திருந்தாள். மறுநாள் என்னிடம், "எம் மவன் யாரு மேலயும் கோவப்பட்டுப் போகலம்மா. மூணு வருசம் மழையில்ல, போனான். யுத்தம் வேணுமான்னு அவன்ட்ட யாரும் கேக்கல, வெத்தலயும் நீட்டல" என்றாள். நோட்டீசில் உன் பெயர் வந்ததைச் சொல்லி, நான் என் மகனை அனுப்பவில்லை, உனக்கு என் மேல் கோபமா என்று கேட்டேன். பூவைக் கட்டிக்கொண்டே, "உங்க பையன் போனா எம் மவன் திரும்பி வந்துருவானா? வேண்டாம், விடுங்க. ஆனா மேடையில யுத்தம் யுத்தம்னு பேசுனீங்கள்ல, அப்ப ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பிப் பாப்பீகன்னு நெனச்சேன். பாக்கல" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் போகப்போகிறேன். கூப்பிடாவிட்டாலும் மேடை ஏறி, பட்டியலிலிருந்து உன் பெயரை நானே அடிக்கப்போகிறேன். அடித்த பிறகு மூக்காயியைப் பார்த்து, நாம் எல்லாரும் கைதூக்கிய யுத்தத்தை இவள் மகன் நடத்திக்கொண்டிருக்கிறான் என்று சொல்லப்போகிறேன். கல் விழுந்தாலும் விழட்டும்.

நீ போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்கு இருபத்தொரு வயதாகிவிட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஏன் போகிறாய் என்று எழுது. அதில் என் பெயர் இருக்கக் கூடாது. அப்பா, ஊர், நோட்டீஸ், ஹாஸ்டல் பையன்களின் கேலி எதுவும் இருக்கக் கூடாது. அதன் பிறகும் தாளில் ஏதாவது மிஞ்சினால் எனக்கு அனுப்பு. நானே சென்னைக்கு வந்து உன்னை ரயிலேற்றிவிடுகிறேன். அழமாட்டேன் என்று எழுத நினைத்தேன். நிச்சயமாகத் தெரியாததை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒன்றும் மிஞ்சாவிட்டால் பரீட்சைக்குப் படி. வெள்ளிக்கிழமை ரயில் ஏறாதே.

மற்றபடி, மழைக்காலம், சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே. ஸ்வெட்டர் ஒன்று பின்னிக்கொண்டிருந்தேன். அதை ஒச்சப்பனுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு வேறு பின்னித் தருகிறேன்.

எதைக் கேட்டாலும் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும் என்று உன்னை வளர்த்தவள் நான். இந்தக் கடிதம் முழுவதும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் காரணம் சொல்லாமல் கேட்கிறேன்: நீ நெடுநாள் உயிரோடு இரு, அப்பு.

உன் அம்மா,
சொர்ணலட்சுமி