சின்னவனுக்கு ஒரு வரி

மார்ச் 4
தம்பிக்கு எழுதிய கடிதம் இன்று சிறையிலிருந்து திரும்பி வந்தது. கவரைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘அனுமதிக்க இயலாது.’ காரணம் எழுதினால் கை தேய்ந்துவிடும் போல.

நீல மையில் எழுதினேனே, அதனாலா? ஸ்டேப்ளர் பின் போட்டேனே, அதுவா?

“சின்னவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?” என்று அம்மா கேட்டாள்.

“சேர்ந்திருக்கும்மா” என்றேன்.

மார்ச் 5
கருப்பு மை, வெள்ளைத் தாள், பின் இல்லை. மறுபடி அனுப்பினேன்.

அம்மா சொல்லச் சொன்னது ஒரே வரிதான். தம்பி அடித்ததில் ஒருவருக்குக் கண் போனது. தீர்ப்பு நாளில் கோர்ட் வராந்தாவில், எல்லோர் முன்னாலும், “இனிமே என் முகத்துல முழிக்காத” என்றாள் அம்மா. அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். போன் இல்லை. பார்க்கப் போனால் வெளியே வர மறுக்கிறான். இரண்டு முறை சிறை வாசல் பெஞ்சைத் தேய்த்துவிட்டுத் திரும்பினேன். அதிகாரிகளிடம் சொல்லியனுப்பவும் முடியாது; தூது போவது அவர்கள் வேலை இல்லையாம்.

அம்மாவுக்கு ஈரல் போய்விட்டது. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று என்கிறார் டாக்டர். போன மாதம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னாள்: “சின்னவனே, அன்னைக்குச் சொன்னது வாய். வயிறு சொல்லலடா.”

மார்ச் 19
திரும்பி வந்துவிட்டது. அதே சீட்டு.

மார்ச் 20
டிபன் நேரத்தில் சிறைக்குப் போன் போட்டேன். நான்கு பேர் கைமாறி, தபால் பிரிவில் ஒருவர் எடுத்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார்.

“லெட்டர்ல செண்ட் அடிச்சிருக்கீங்களேம்மா.”

“நான் எதுவும் அடிக்கலைங்க.”

“வாசனை வருதே. இப்பல்லாம் தாள்ல போதை மருந்தை நனைச்சு அனுப்புறாங்க. எந்த வாசனை வந்தாலும் திருப்பச் சொல்லி ஆர்டர்.”

பிறகுதான் உறைத்தது. சோப்பு ஃபேக்டரியில், பேக்கிங் பிரிவில் ஒன்பது வருஷம். பஸ்ஸில் நான் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே டிக்கெட் கிழிக்கிறார். என் தலை, பை, தலையணை, அம்மாவின் போர்வை எல்லாம் அதே மல்லிகை மணம். எனக்கு மட்டும் மூக்கு செத்துப் பல வருஷம் ஆயிற்று.

அதைச் சொன்னேன். சிரித்தார். “எனக்குப் புரியுதும்மா. மெஷினுக்குப் புரியணுமே.”

மார்ச் 22
கடையில் புதுத் தாள், புதுக் கவர் வாங்கி, நேரே தபால் நிலையம் போய், கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு எழுதினேன். கோழிக் கிறுக்கல். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துத் தள்ளி நின்றார்.

ஏப்ரல் 6
அதுவும் வந்துவிட்டது.

ஏப்ரல் 7
சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். எப்போதும் விசிலடித்துக்கொண்டே நடப்பதால் அவருக்கு எங்களுக்குள் விசில் என்று பெயர். இன்று விசிலை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “எதுக்கு?”

“மேல இருக்கிற சோப்பு வாசனை போகணும் சார். லெட்டர் எழுதணும்.”

லைனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? ஆர்டர் குவிந்து கிடக்கிறது, லீவு இல்லை என்றார். வேலையை விட்டால் அம்மா மருந்துக்கு எங்கே போவேன்?

ஏப்ரல் 8
கீழ்வீட்டு டீச்சர் தன் வீட்டிலேயே, தன் தாளில், தன் கையால் எழுதித் தந்தார். நான் வாசலுக்கு வெளியே நின்று சொன்னேன். கவரைத் தொடக்கூட இல்லை, அவரே தபாலில் போட்டார். ஏன் முன்பே தோன்றவில்லை எனக்கு?

ஏப்ரல் 24
திரும்பிவிட்டது. இந்தத் தடவை சீட்டில் காரணம் இருக்கிறது: ‘அனுப்புநர் உறவினர் பட்டியலில் இல்லை.’ டீச்சர் அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். “எழுதினது நான்தானே? எப்படி உன் பேரைப் போடறது?” என்கிறார். அவர் நேர்மையில் இடி விழ.

பாவம், அழுதுவிட்டார். நாளை என் பெயர் போட்டு எழுதித் தருவார்.

அம்மா இன்று எதுவும் சாப்பிடவில்லை. “பதில் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“வரும்மா.”

ஏப்ரல் 25
விடிகாலையில் அம்மா போய்விட்டாள்.

சிறைக்குப் போன் போட்டேன். கொள்ளி வைக்க அவனை அனுப்ப, இறப்புச் சான்றிதழோடு மனு கொடுத்தால் மூன்று வேலை நாளில் முடிவு சொல்வார்களாம். அம்மா உடம்பு மூணு நாள் தாங்குமாய்யா? அவனிடம் தகவல் மட்டும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்கள். யார் சொல்வார்? கம்பிக்கு வெளியே நின்று, ‘உங்கம்மா செத்துட்டாங்க’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களா?

ஏப்ரல் 28
விசில் வீட்டுக்கு வந்தார். “ரெண்டு வாரம் கழிச்சு வாம்மா, பார்த்துக்கலாம்” என்றார். இப்போது.

மே 6
துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மாவின் போர்வையைத் துவைத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து சின்னவனுக்கு எழுதினேன். டீச்சர் எழுதித் தருகிறேன் என்றார். இதை நானே எழுத வேண்டும் என்று தாள் மட்டும் வாங்கிக்கொண்டேன். முதலில் அம்மாவின் வரி. எந்தத் தேதியில் சொன்னாள் என்பதும். பிறகு மற்றது. எப்படியும் திரும்பத்தான் போகிறது.

மே 12
மறுபடி வேலை. வீட்டுக்கு வரும்போது கண்டக்டர் திரும்பாமலே டிக்கெட் கொடுத்தார்.

மே 27
வேலை முடிந்து வந்தால் கதவிடுக்கில் ஒரு கவர். சீட்டு இல்லை. அவன் கையெழுத்து.

அம்மா வரியைப் படித்துக்கொண்டே இருக்கிறானாம். இன்னும் எழுதச் சொல்கிறான், வாரம் ஒன்று. அம்மா கடைசியில் என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், எல்லாம் வேண்டுமாம். கீழே, கொஞ்சம் தள்ளி:

“கவரைத் திரும்பத் திரும்ப மோந்து பாத்தேன்க்கா. நம்ம வீட்டு வாசனையே இல்ல. வேலைய விட்டுட்டியா?”

தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சோப்பு போடாமல்.