ஈரம் பார்க்கிற ஆள்

ஜூன் 2

இவர் ஓய்வு பெற்று இங்கே வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் விருந்தாளி மாதிரி வாசலில் ஓரமாகத்தான் செருப்பைக் கழற்றுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானியக் கிடங்கில், நான் இந்தக் காட்டோர நாற்றங்காலில். லீவுக்கு லீவுதான் குடித்தனம். இப்போது தினமும் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு?

சட்டையெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டதாம். ஈரத்தை விரட்டியே காலம் தள்ளிய மனுஷன் கடைசியில் ஈரத்துக்கே வாக்கப்பட்டு வந்திருக்கிறார் என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஜூன் 6

மழை பிடித்துக்கொண்டது. இறக்கை மரம் விதை உதிர்க்கிறது! இறக்கை வைத்த விதைகள் சுற்றிச் சுற்றி இறங்குவதை வேடிக்கை பார்த்தால் வேலை ஓடாது.

வருஷா வருஷம் பூக்கிற மரம் இல்லை இது. மழையே இல்லாமல் சில வாரம் காய வேண்டும், அப்போதுதான் பூக்கும். பிறகு விதை விழுகிற நேரம் பார்த்து மழை வந்தாக வேண்டும். இந்த வருஷம் இரண்டும் கூடி வந்திருக்கிறது. மண் சரிந்துபோன மேட்டில் நடுவதற்கு இந்தக் கன்றுகளைத்தான் நம்பியிருக்கிறோம். இப்போது விட்டால் மறுபடி எப்போதோ.

பன்றிக்கும் வண்டுக்கும் போக மீதி எனக்கு, ஒரு சாக்கு. இவர் சாக்குக்குள் கைவிட்டு, ரொம்ப ஈரமாக இருக்கிறதே என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஜூன் 9

எழுதவே பிடிக்கவில்லை.

மண் பை வாங்க டவுனுக்குப் போனவள் இரண்டு நாள் கழித்து இன்றுதான் திரும்பினேன். அந்த இரண்டு நாளும் பார்த்துப் பாழாய்ப்போன வெயில். முற்றத்தில் தகரத்தின்மேல் என் விதைகள். ஒரே கனத்தில் அழகாகப் பரப்பி, கையால் கிளறிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் பெருமை.

"பூஞ்சை பிடிக்காம காப்பாத்திட்டேன். கடிச்சுப் பாத்தேன், கடக்குன்னு உடையுது."

மழைக்காட்டு விதை காய்ந்தால் செத்தது. விழுந்த கையோடு முளைக்கத்தான் தெரியும், காத்திருக்கத் தெரியாது. என்றைக்காவது அது காய்ந்து பார்த்திருந்தால்தானே? இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. கத்தினேன். நனைஞ்சு கிடந்தாத்தான் அது பொழைக்கும், உங்க கிடங்க இங்க கொண்டு வராதீங்கன்னு - சே, என்ன வாய் எனக்கு. அவர் தகரத்தை மட்டும் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஜூன் 10

மழை. கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா என்று மகளிடம் போனில் கேட்டது காதில் விழுந்தது. கட்டிலின்மேல் பெட்டி. போகாதீர்கள் என்று சொல்ல என்ன கேடு?

ஜூன் 11

விழித்தபோது ஆளில்லை. பெட்டி இருந்தது, குடையைக் காணோம்.

மத்தியானம் வாசலில் வந்து நின்றார். தொப்பலாக நனைந்து, காலில் அட்டை. குடையைத் தலைகீழாக ஏந்தியிருந்தார். அதில் ஈரச் சருகோடு சருகாக விதைகள். பாதிக்குமேல் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது.

நான் மேலே கிடந்ததைத்தான் பொறுக்கினேன். இவர் சருகுக்கு அடியில் துழாவியிருக்கிறார். மூட்டையிலும் அடியில்தான் ஈரம் தங்குமாம்.

"மொதல்ல ஒரு சொட்டுகூடக் கீழ வரல. எல்லாத்தையும் மரமே வாங்கிக்குது. அப்புறம் எல நுனியா வடியுது. வெளிய மழை நின்னும் உள்ள பேஞ்சுட்டே இருக்கு, தெரியுமா உனக்கு?"

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் காட்டில் நனைந்தவளிடம் கேட்கிறார். தெரியாது என்று தலையாட்டினேன். துண்டால் தலையைத் துவட்டிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். பெட்டியைப் பற்றிக் கேட்க மட்டும் தைரியம் வரவில்லை.

ஜூன் 12

நாள் முழுக்க இருவருமாகப் பை நிரப்பி நட்டோம். இடுப்பு ஒடிந்தது. சந்தோஷம்.

ஜூலை 19

ஒரு வாரமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து போனால், இவர் கன்றுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு ஒவ்வொரு பையிலும் விரலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மகள் போன் செய்தாள். பெட்டியெல்லாம் கட்டினீர்களே, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"பெட்டியா? அதுல ஈரச் சாக்கு போட்டு வெச்சிருக்கேன்மா. கன்னுக்கு மூடணும்."

போனை வைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். வந்த மழையை ஆயுசு பூராவும் திட்டிய வாய், இப்போது வராத மழையைத் திட்டுகிறது.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவள், வாசலில் நட்டநடுவே கிடந்த அவர் செருப்பு தடுக்கி விழப் பார்த்தேன். ஓரமாகத் தள்ளவில்லை. தாண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.